அரபு நாடுகளில் வெளிநாடுகளின் தகவல் போட்டி எப்படி நடக்கிறது?

அமெரிக்கா, ரஷ்யா, ஈரான், சீனா, பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி என இத்தனை நாடுகள் அரபு மொழியில் சேனலும் இணையதளமும் நடத்துகின்றனவே, இந்தப் போட்டி உண்மையில் எப்படி நடக்கிறது, அதிகம் செலவழிப்பவர்தான் ஜெயிக்கிறாரா என்பது கேள்வி.

இல்லை. செலவுக்கும் செல்வாக்குக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், செய்தி வீட்டுக்குள் நுழையும் வழி யார் கையில் இருந்தது, உள்ளூர் ஊடகம் வாய்மூடிய இடத்தில் யார் பேசினார்கள் என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன. செய்தியின் உள்ளடக்கம் அதற்கு அடுத்ததுதான். எவ்வளவு நல்ல சேனலாக இருந்தாலும், அதை நடத்தும் நாடு களத்தில் செய்யும் காரியம் அந்தச் சேனலின் பேச்சைப் பொய்யாக்கினால் ஒரே நாளில் எல்லாம் கரைந்துவிடும். இதற்கு உதாரணங்கள் நிறைய.

வழியிலிருந்து தொடங்குகிறேன். 1934-ல் முசோலினியின் இத்தாலி, தன் தென்கிழக்குத் துறைமுக நகரமான பாரியிலிருந்து அரபு மொழியில் ஒலிபரப்பத் தொடங்கியது. அன்று பாலஸ்தீனத்திலோ எகிப்திலோ வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. ரேடியோ இருந்த இடம் காபிக்கடை. ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஒரு கூட்டம். காபிக்கடைகளுக்கு இத்தாலியர்கள் மலிவு விலையில் ரேடியோப் பெட்டிகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் புகார் எழுதினார்கள். பாட்டு முதலில், செய்தி பிறகு என்பதுதான் பாரியின் உத்தி. 1936-ல் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுச்சி வெடித்தபோது பாரியின் குரல் அங்கே நன்றாக எடுபட்டது. இத்தாலியப் பாசிசத்தின் மேல் அரபு மக்களுக்குக் காதல் வந்துவிடவில்லை. பிரிட்டிஷ் தணிக்கைக்கு உட்பட்ட உள்ளூர்ப் பத்திரிகைகளால் எழுத முடியாததை பாரி சொன்னது, அவ்வளவுதான்.

பதிலடியாக பிபிசி தன் முதல் வெளிநாட்டு மொழிச் சேவையை 1938 ஜனவரி 3-ல் அரபு மொழியில் தொடங்கியது. அன்றைய முதல் செய்தியறிக்கையிலேயே, பாலஸ்தீனத்தில் ராணுவ நீதிமன்ற உத்தரவுப்படி அரபு ஒருவர் தூக்கிலிடப்பட்ட செய்தி இடம்பெற்றது. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் கொதித்துப்போனது. நம் சேவையின் முதல் நாளிலேயே நமக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவதா என்பது அவர்கள் வாதம். பிடிக்காத செய்தியை விடுவதும் உண்மையை மறைப்பதுதான் என்பது பிபிசியின் வாதம். அன்று பிபிசி பக்கம் நின்றவர்கள் சொன்னதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. இத்தாலியும் ஜெர்மனியும் அந்தத் தூக்குத் தண்டனையை எப்படியும் சொல்லத்தான் போகின்றன. லண்டன் மட்டும் மௌனமாக இருந்தால் நேயர் அடுத்த நாள் குமிழைத் திருப்பிவிடுவார்.

இதற்கு நேர் எதிரான கதை ஷர்க் அல்-அத்னா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஏற்பாட்டில் தொடங்கி, 1948-ல் சைப்ரஸுக்கு இடம்பெயர்ந்த அரபு வானொலி அது. வெளிப்பார்வைக்கு வணிக நிலையம். நல்ல பாட்டு, நல்ல நாடகம், பெரிய நேயர் கூட்டம். பிரிட்டிஷ் கை பின்னால் இருந்தது பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொண்டார்கள். 1956 அக்டோபர் இறுதியில் சூயஸ் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு நிலையத்தை நேரடியாகக் கையில் எடுத்து 'பிரிட்டனின் குரல்' என்று பெயர் மாற்றியது. அரபு ஊழியர்கள் வேலையை உதறிவிட்டுப் போனார்கள். பதினைந்து ஆண்டில் சேர்த்த நம்பிக்கை அந்த வாரத்திலேயே போய்விட்டது. அதே போரில் பிரிட்டிஷ் விமானங்கள் கெய்ரோவின் ஒலிபரப்புக் கோபுரங்களைக் குண்டு வீசி ஊமையாக்கின. உடனே டமாஸ்கஸ் வானொலி 'டமாஸ்கஸிலிருந்து, இது கெய்ரோ' என்று அறிவித்தது. டிரான்ஸ்மிட்டரை உடைக்கலாம், ஆனால் கேட்க விரும்பும் காது எங்காவது ஒரு வழியைத் தேடிக்கொள்ளும் என்பதை லண்டன் அன்று எதிர்பார்க்கவில்லை.

கெய்ரோவின் 'சவ்த் அல்-அரப்' என்ற அரபுகளின் குரல் 1953 ஜூலை 4-ல் தொடங்கியது. எகிப்தின் தலைவர் நாசரின் பேச்சையும் பாடகி உம்மு குல்தூமின் பாட்டையும் அல்ஜீரியாவிலிருந்து ஏமன் வரை கொண்டுபோன அந்த நிலையம், எந்த மேற்கத்திய வானொலியையும்விடப் பெரிய சக்தியாக இருந்தது. அதை வீழ்த்தியது எதிரியின் பிரச்சாரம் அல்ல. 1967 ஜூன் போரின் முதல் நாட்களில் அறிவிப்பாளர் அஹ்மத் சயீத் இஸ்ரேலிய விமானங்கள் வரிசையாகச் சுட்டு வீழ்த்தப்படுவதாக அறிவித்துக்கொண்டிருந்தார். உண்மையில் எகிப்திய விமானப்படைதான் தரையிலேயே அழிந்திருந்தது. தோல்வி தெரிந்த பிறகு அந்தக் குரலைப் பழைய மாதிரி யாரும் நம்பவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பிபிசி அரபியும், பிரான்ஸ் 1970-களில் சைப்ரஸ் டிரான்ஸ்மிட்டர் வழியே நடத்திய மோண்டே கார்லோ வானொலியும் வளர்ந்தன. சைப்ரஸ் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மத்திய அலை இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்; சைப்ரஸின் கிழக்கு முனையிலிருந்து லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம், எகிப்து எல்லாம் எட்டும் தூரம். உள்ளூர் அரசிடம் உரிமம் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் செயற்கைக்கோள். 1994-ல் பிபிசி, சவுதி முதலாளிகளின் ஆர்பிட் நிறுவனத்தோடு சேர்ந்து அரபுத் தொலைக்காட்சி தொடங்கியது. சவுதி அரேபியாவை விமர்சிக்கும் நிகழ்ச்சி ஒன்றால் சண்டை வந்து 1996 ஏப்ரலில் அது மூடப்பட்டது. வேலை இழந்த செய்தியாளர்கள் பலரும் தோஹாவுக்குப் போனார்கள். அங்கே கத்தார் அமீர் 50 கோடி ரியால் கொடுத்துத் தொடங்கிய அல் ஜசீரா 1996 நவம்பர் 1-ல் ஒளிபரப்பானது. பிரிட்டன் பயிற்சி கொடுத்த குழு, சவுதி கோபத்தால் தெருவுக்கு வந்து, கத்தாரின் மிகப்பெரிய அரசியல் சொத்தாக மாறியது. ஒரு சேனலை மூடுவதால் யாருக்கு லாபம் என்று மூடுவதற்கு முன் யாரும் யோசிப்பதில்லை. இதே தவறு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து மீண்டும் நடந்தது, பின்னால் சொல்கிறேன்.

வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2003 இராக்கைவிட நல்ல பாடம் கிடையாது. சதாம் ஆட்சியில் டிஷ் ஆண்டெனா வைப்பது குற்றம். ஆகவே சாதாரண இராக்கியர் வீட்டில் கூரை ஆண்டெனா மட்டும்தான். இதைக் கணக்கில் எடுத்த ஈரான், படையெடுப்புக்குச் சற்று முன் அல்-ஆலம் என்ற அரபு சேனலைத் தொடங்கியபோது, செயற்கைக்கோளோடு நிற்காமல் எல்லைக்கு அருகே தரைவழி டிரான்ஸ்மிட்டரையும் வைத்தது. சதாம் சிலை விழுந்த வாரங்களில், இராக் அரசுத் தொலைக்காட்சி இல்லாமல் போய்விட்ட நிலையில், பாக்தாதில் சாதாரணக் கம்பி ஆண்டெனாவில் வந்த அரபுச் செய்திச் சேனல் ஈரானுடையது. நாட்டையே பிடித்திருந்த அமெரிக்கா, புதிய இராக் ஒளிபரப்பு அமைப்பை உருவாக்கும் வேலையை ஒளிபரப்பு அனுபவமே இல்லாத பாதுகாப்புத்துறை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது.

பிறகு 2004 பிப்ரவரி 14-ல் வந்தது அல்-ஹுர்ரா. வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தலைமையகம். பெயருக்கு 'சுதந்திரமானவள்' என்று பொருள் (அரபியில் சேனல் என்ற சொல் பெண்பால்). மற்ற சேனல்கள் எல்லாம் அடிமைகளா என்று முதல் நாளிலேயே கேட்க வைத்த பெயர். ஐந்து வாரத்தில் முதல் சோதனை வந்தது. மார்ச் 22 அதிகாலை ஹமாஸ் நிறுவனர் ஷேக் அஹ்மத் யாசீன் காசாவில் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அரபுச் சேனல்கள் நேரலைக்கு மாறின. அல்-ஹுர்ராவில் சமையல் நிகழ்ச்சி ஓடியது என்பதை விமர்சகர்கள் இன்றும் விடவில்லை. ஏப்ரல் கடைசியில், இராக்கின் அபூ கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைச் சித்திரவதை செய்த படங்கள் வெளியாயின. மே 5-ல் அதிபர் புஷ் அல்-ஹுர்ராவிலும் சவுதியின் அல் அரபியாவிலும் பேசினார், ஆனால் அரபு மக்கள் பேச்சையா பார்ப்பார்கள், படத்தையா? தயாரிப்புத் தரத்தில் அல்-ஹுர்ராவுக்குக் குறை சொல்ல முடியாது. மொராக்கோவிலும் இராக்கிலும் உள்ளூர் அரசியல் பேசிய அதன் நிகழ்ச்சிகள் சில நல்ல பெயரே எடுத்தன. பாலஸ்தீனத்தையும் இராக்கையும் பற்றி வாயைத் திறக்கும்போதுதான் அது சிக்கிக்கொண்டது. தொலைக்காட்சியால் ஒரு கொள்கையை விளக்க முடியும், சில சமயம் வலியைக் குறைக்கவும் முடியும். கொள்கையே வலிக்குக் காரணம் என்றால் விளக்கம் எரிச்சலைத்தான் கூட்டும்.

செயற்கைக்கோள் வந்ததும் எல்லைகள் போய்விட்டன என்று சொல்வார்கள். பாதி உண்மை. அரபு நகரங்களின் மொட்டைமாடி டிஷ்கள் பெரும்பாலும் இரண்டு திசைகளைத்தான் பார்க்கின்றன: எகிப்தின் நைல்சாட் (7 பாகை மேற்கு), ரியாத்தில் தலைமையகம் கொண்ட அரப்சாட் (26 பாகை கிழக்கு). மாதச் சந்தா இல்லை, நூற்றுக்கணக்கான சேனல்கள் இலவசம். இந்த இரண்டில் இல்லாத சேனலைப் பார்க்க டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், அல்லது டிஷ்ஷின் முன்னால் சமிக்ஞையை வாங்கும் எல்என்பி கருவி இன்னொன்று மாட்ட வேண்டும். யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆகவே கெய்ரோவும் ரியாத்தும்தான் வாசல் காப்பாளர்கள். 2009 நவம்பரில் அல்-ஆலம் இரண்டு செயற்கைக்கோள்களிலிருந்தும் தூக்கப்பட்டது. லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கம் நடத்தும் அல்-மனார் சேனலை 2015 டிசம்பரில் அரப்சாட்டும், 2016 ஏப்ரலில் நைல்சாட்டும் நிறுத்தின. அரபு அரசுகள் வெளியாரின் ஆட்டத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் மைதானம் என்று நினைப்பவர்கள் இந்த விவரத்தைத் தவறவிடுகிறார்கள். யாரை உள்ளே விடுவது, எந்தப் பேரத்துக்காக வெளியேற்றுவது என்று அந்த அரசுகளும் ஆட்டம் ஆடுகின்றன.

வெளியேற்ற முடியாதபோது இடையூறு செய்வது உண்டு. அதில் இரண்டு வகை. ஒரு நகரத்தில் மட்டும் அதே அலைவரிசையில் இரைச்சல் அனுப்பி அப்பகுதி டிஷ்களைக் குருடாக்குவது ஒன்று. இன்னொன்று தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கே வலுவான போலிச் சமிக்ஞை அனுப்புவது. இதில், சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியான டிரான்ஸ்பாண்டர் எட்டும் பகுதி முழுவதும் பாதிக்கும், அதில் கூடவே இருக்கும் சம்பந்தமில்லாத சேனல்களும் விழும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அல் ஜசீராவின் விளையாட்டு ஒளிபரப்பு இப்படித்தான் துண்டு துண்டானது. இடையூறு ஜோர்டானிலிருந்து வந்ததாகத் தொழில்நுட்ப ஆய்வு சுட்டியது, ஜோர்டான் மறுத்தது.

சேனலை வைத்திருப்பதன் இன்னொரு பயன், அதை மூடுவதாக வாக்குக் கொடுக்க முடிவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். எகிப்து அரசை நாள் முழுதும் விமர்சித்த அல் ஜசீராவின் எகிப்து நேரலைச் சேனல், சவுதி செய்துவைத்த சமரசத்தை அடுத்து 2014 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2017 ஜூன் 5-ல் கத்தாரை முற்றுகையிட்ட சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் வைத்த 13 நிபந்தனைகளில் அல் ஜசீராவை மூடு என்பதும் ஒன்று. கத்தார் மறுத்தது, 2021 ஜனவரியில் முற்றுகைதான் முடிந்தது. இஸ்தான்புல்லிலிருந்து இயங்கிய எகிப்திய எதிர்க்கட்சிச் சேனல்களிடம், கெய்ரோவோடு உறவைச் சரிசெய்ய விரும்பிய துருக்கி 2021 மார்ச்சில் குரலைத் தணிக்கச் சொன்னது. நாடு கடந்து வந்து, மேடை கிடைத்தது என்று நம்பிப் பேசிய எகிப்தியச் செய்தியாளர்கள் இதில் வெறும் காய்களாக நகர்த்தப்பட்டதை மறக்கக் கூடாது. துருக்கியின் உண்மையான வெற்றி செய்தியில் கிடைத்ததும் அல்ல. 2008-லிருந்து சிரிய வட்டார வழக்கில் டப்பிங் செய்யப்பட்ட துருக்கி நெடுந்தொடர்கள்தான் அரபு வீடுகளுக்குள் துருக்கியைக் கொண்டுபோயின. அவற்றை ஒளிபரப்பியது சவுதியின் எம்பிசி. உறவு கெட்டதும் 2018 மார்ச்சில் எம்பிசி அத்தனை துருக்கித் தொடர்களையும் ஒரே இரவில் நிறுத்தியது. வழி அடுத்தவன் கையில் இருந்தால் இதுதான் கதி.

பார்வையாளரைக் குறிவைக்காமல் செய்தியறையைக் குறிவைப்பது இன்னொரு வழி. சிறிய அரபுப் பத்திரிகைக்கு வெளிநாட்டில் நிருபர் வைக்கப் பணம் கிடையாது. செய்தி நிறுவனங்களின் பிரதியை வாங்கிப் போடுவார்கள். மலிவாகவோ இலவசமாகவோ, நல்ல அரபியில், படத்தோடு பிரதி கொடுத்தால் அது உள்ளூர்ப் பத்திரிகையின் பெயரோடு அச்சாகும். பிரிட்டன் 1940-களிலேயே இதைச் செய்தது. கெய்ரோவிலிருந்து இயங்கிய அரபு நியூஸ் ஏஜென்சி பிரிட்டிஷ் உளவுத்துறையின் முகமூடி, 1956 ஆகஸ்டில் அதன் ஊழியர் சிலரை எகிப்து உளவுக் குற்றச்சாட்டில் கைதுசெய்தது. இன்று இதைப் பெரிய அளவில் செய்வது சீன அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவா. 2009 ஜூலையில் தொடங்கிய சீன அரசின் அரபுத் தொலைக்காட்சியைப் பற்றி அரபு நாடுகளில் அதிகம் பேர் பேசிக் கேட்க முடியாது. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டால் பெய்ஜிங்கின் இலக்கைத் தவறாகப் படிக்கிறோம். பொதுமக்கள் சீனாவை நேசிக்க வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இல்லை. அரசுகளும் பத்திரிகை ஆசிரியர்களும், உய்குர் முஸ்லிம்கள் வாழும் ஷின்ஜியாங் பகுதி பற்றிப் பேசாமல் இருந்தால் போதும். 2019 ஜூலையில் சீனாவின் ஷின்ஜியாங் கொள்கையை ஆதரித்து ஐ.நா.வுக்குப் போன கடிதத்தில் சவுதி, அமீரகம், எகிப்து ஆகியவற்றின் கையெழுத்து இருந்தது. கத்தார் கையெழுத்திட்டுப் பிறகு விலகியது. முஸ்லிம் சிறுபான்மையினரின் தடுப்பு முகாம்களைப் பற்றிய ஒரு விஷயத்தில் இந்த மௌனம் கிடைத்தது என்றால், தொலைக்காட்சிப் பார்வையாளர் கணக்கை வைத்து இதை அளக்கவே முடியாது.

ரஷ்யாவின் ஆர்டி அரபி 2007 மே மாதம் தொடங்கியது. ரஷ்யா நல்ல நாடு என்று நிறுவுவதில் அது அதிக நேரம் செலவழிப்பதில்லை. மேற்கு நாடுகள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியைத் தினமும் காட்டுவதுதான் அதன் வேலை. இராக், லிபியா, காசா என்று சரக்குக்குப் பஞ்சமே இல்லை, பெரும்பகுதி உண்மையும்கூட. சிரியாவின் அலெப்போவில் ரஷ்ய விமானங்கள் செய்தது மட்டும் அதில் காணாமல் போகும். பொய் சொல்வதைவிட, உண்மையில் பாதியை மட்டும் தொடர்ந்து சொல்வது நீடித்துப் பலன் தரும் என்பதற்கு ஆர்டி அரபி தெளிவான உதாரணம்.

ஈரானின் முறை வேறு. தெஹ்ரான் பெயரில் ஒரு சேனல் நடத்துவதைவிட, பாக்தாதிலும் பெய்ரூத்திலும் ஏமனிலும் உள்ளூர்க் கட்சிகளின் பெயரில் பல சேனல்கள் இயங்க உதவுவது. இஸ்லாமிய வானொலி தொலைக்காட்சி ஒன்றியம் என்ற குடை அமைப்பின் வழியே அவற்றுக்கு ஆதரவு போகிறது. பேசுவது இராக்கிய உச்சரிப்பு, லெபனான் உச்சரிப்பு. 2021 ஜூனில் அமெரிக்க நீதித்துறை இந்த ஒன்றியத்தோடு தொடர்புடைய 33 இணையதள முகவரிகளைப் பறிமுதல் செய்தது. அமெரிக்கப் பதிவாளர்களிடம் வாங்கிய முகவரிகள் என்பதால்தான் அது முடிந்தது. சில மணி நேரத்தில் அவற்றில் பலவும் வேறு முகவரிகளில் திரும்ப வந்துவிட்டன.

லிபியாவில் ரஷ்யாவும் இந்த உள்ளூர்முக உத்தியைக் கையாண்டது. 2019 அக்டோபரில் ஃபேஸ்புக் நீக்கிய, ரஷ்யத் தொழிலதிபர் பிரிகோஷினின் வலையமைப்பு குறிவைத்த நாடுகளில் லிபியாவும் சூடானும் இருந்தன. பக்கங்களை நடத்த உள்ளூர் ஆட்களையே பிடித்திருந்தார்கள். வட்டார வழக்கு சரியாக வரும், நேர மண்டலம் காட்டிக்கொடுக்காது. சில பக்கங்கள் கிழக்கு லிபியாவின் படைத்தலைவர் ஹஃப்தரை ஆதரித்தன, சில கதாஃபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாமை. ஒரே கை இரண்டு குதிரைகள் மேல் பந்தயம் கட்டியது.

மறைமுக வேலைகளைப் பற்றி ஒரு தவறான பிம்பம் உண்டு, அவை எல்லாம் வல்லவை என்று. பெரும்பாலானவை வீண். 2005 நவம்பரில் வெளியான விவரப்படி, அமெரிக்க ராணுவத்தினர் எழுதிய கட்டுரைகள் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டு, பணம் கொடுத்து, பாக்தாத் பத்திரிகைகளில் சுயேச்சையான செய்தி போல அச்சிடப்பட்டன. அம்பலமானதும், நேர்மையாக எழுதிய இராக்கியப் பத்திரிகையாளர்கள் மேலும் சந்தேகம் விழுந்தது. 2022 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் கிராஃபிகா என்ற ஆய்வு நிறுவனமும் ஆராய்ந்து வெளியிட்ட அமெரிக்க ஆதரவுப் போலிக் கணக்குகளின் தொகுப்பில், கணினி உருவாக்கிய முகங்கள், போலிச் செய்தித் தளங்கள் எல்லாம் இருந்தன. அந்த மறைமுகக் கணக்குகளில் 19 சதவீதத்துக்கு மட்டுமே ஆயிரத்துக்கு மேல் பின்தொடர்வோர். ட்விட்டர் கொடுத்த தொகுப்பில் அதிகம் பின்தொடரப்பட்ட இரண்டு கணக்குகளும், நாங்கள் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தவை. முகமூடி போட்டவர்களைவிட முகம் காட்டியவர்களை அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

போலிச் செய்தி பலிப்பது, அது ஒரு பெரிய செய்தி நிறுவனத்தின் கண்ணில் படும் நிமிடத்தில்தான். 2019-ல் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடம் விவரித்த, ஈரான் சார்பு வலையமைப்பின் செய்முறை இது: பிரபலமான செய்தித் தளத்தைப் போன்ற முகவரி ஒன்றை வாங்குவார்கள், ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும், ப்ளூம்பெர்க் முகவரியின் கடைசி 'ஜி'க்குப் பதில் 'க்யூ' என்பது போல. அசலின் வடிவமைப்பை அப்படியே நகலெடுத்து அதில் ஒரே ஒரு போலிச் செய்தி. ட்விட்டரில் பெண் பத்திரிகையாளர், மாணவர் என்ற பெயர்களில் உள்ள கணக்குகள் அதைச் செய்தியாளர்களுக்கு அனுப்பும். யாராவது எடுத்துக்கொண்டதும் போலிப் பக்கம் அழிக்கப்பட்டு, முகவரி அசல் தளத்துக்குத் திருப்பிவிடப்படும். தடயம் தேடிப் போகிறவர் அசல் தளத்தில் போய் நிற்பார். 2017 ஜூலையில் ஆறு அரபு நாடுகள் 2022 உலகக் கோப்பையைக் கத்தாரிடமிருந்து பறிக்கச் சொன்னதாக வந்த செய்தி இப்படிப் பிறந்ததுதான். ராய்ட்டர்ஸே அதை வெளியிட்டுப் பிறகு திரும்பப் பெற்றது.

ட்விட்டரில் எண்ணிக்கை விளையாட்டும் பெரிது. 2019 டிசம்பரில் சவுதி சந்தைப்படுத்தல் நிறுவனம் ஒன்றோடு தொடர்புடைய 5,929 கணக்குகளை ட்விட்டர் பகிரங்கமாக வெளியிட்டது. மொத்த வலையமைப்பு 88,000 கணக்குகள். மதம், விளையாட்டு, கவிதைப் பதிவுகளுக்கு நடுவே அரசியல் பதிவு செருகப்பட்டிருந்தது. பார்ப்பவருக்குச் சாதாரண மனிதர் என்று தோன்ற வேண்டும்.

இதெல்லாம் அங்கே நடப்பது என்று விட்டுவிட முடியாது, வளைகுடாவில் உறவினர் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் இது தொடும். 2020 ஏப்ரலில் ஓமன் அரச குடும்பப் பெண் ஒருவரின் பெயரில், இந்தியாவில் முஸ்லிம்கள் மீதான துன்புறுத்தல் நிற்காவிட்டால் ஓமனில் உள்ள இந்தியத் தொழிலாளர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று ஒரு ட்வீட் சுற்றியது. அது போலிக் கணக்கு. அந்தப் பெண்ணே மறுத்து அறிக்கை விட்டார். அதற்குள் வேலை போய்விடுமோ என்ற பயம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் பரவிவிட்டது.

ஒரு அரபுச் செய்தி எந்த முகாமிலிருந்து வருகிறது என்று தெரிய முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். இதற்குக் கொஞ்சம் அரபி இருந்தால் போதும். இறந்தவர் 'ஷஹீத்' ஆ, 'கதீல்' ஆ? முதலாவது தியாகி, இரண்டாவது கொல்லப்பட்டவர். இஸ்ரேலியத் தாக்குதலில் இறக்கும் பாலஸ்தீனர்களுக்கு அல் ஜசீரா முதலாவதைச் சொல்லும், பிபிசி இரண்டாவதை. ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களை 'அன்ஸார் அல்லாஹ்' என்றால் அவர்கள் பக்கம், 'ஹூதி மிலீஷியா' என்றால் சவுதி, அமீரகப் பக்கம். அதே போர் ஒரு பக்கத்துக்கு 'உத்வான்' (ஆக்கிரமிப்பு), மறுபக்கத்துக்கு 'தஹாலுஃப்' (கூட்டணி). 'கியான்' (சியோனிச உருவாக்கம்) என்று இஸ்ரேலை எழுதினால் ஈரான் சார்பாக இருக்க வாய்ப்பு உண்டு. உக்ரைனில் நடப்பதைச் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்று எழுதும் உள்ளூர் இணையதளம், பெரும்பாலும் ரஷ்யப் பிரதியை வெட்டி ஒட்டியிருக்கும்.

அடுத்து, செய்தியின் முதல் இரண்டு வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஒரே வாசகம் பல தளங்களில் வந்தால் நேரப்படி வரிசைப்படுத்தி முதலில் வெளியிட்டது யார் என்று பாருங்கள். தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்பதை ஹூஇஸ் என்ற இணைய முகவரிப் பதிவேட்டில் பாருங்கள். நெருக்கடிக்குச் சில வாரங்களுக்கு முன் பிறந்த 'பழம்பெரும் செய்தித்தளம்' சந்தேகத்துக்குரியது. படத்தை, அது முன்பு எங்கே வந்தது என்று காட்டும் தலைகீழ்த் தேடலில் போட்டால், காசா என்று வரும் படம் சிரியா, சிரியா என்று வரும் படம் இராக் என்று அடிக்கடி தெரியவரும். பக்கத்தை உடனே ஒரு இணையக் காப்பகத்தில் சேமித்துவிடுங்கள், நாளைக்கு அது அங்கே இருக்காது. இதில் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் ஒன்று: ஒரு செய்தி ரஷ்யச் சேனலில் வந்தது என்பதால் பொய் ஆகிவிடாது, பிபிசியில் வந்தது என்பதால் முழுமை ஆகிவிடாது. மூலத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் சரிபார்க்கும் வேலையே தொடங்குகிறது.

முன்பு சொல்வதாகச் சொன்ன தவறுக்கு வருகிறேன். 85 ஆண்டுகள் ஒலித்த பிபிசி அரபி வானொலி, செலவைக் குறைப்பதற்காக 2023 ஜனவரி 27-ல் நிறுத்தப்பட்டது. லெபனானில் அது பயன்படுத்திய பண்பலை அலைவரிசையை ரஷ்ய அரசு வானொலியான ஸ்புட்னிக் பிடித்துக்கொண்டது. மூன்று மாதத்தில், 2023 ஏப்ரல் 15-ல், சூடானில் போர் வெடித்தது. மின்சாரமும் இணையமும் அறுந்த ஊர்களுக்குச் செய்தி போக சிற்றலையைவிட்டால் வழி இல்லை; மே மாதம் பிபிசி அவசர அரபு வானொலிச் சேவையைச் சிற்றலையில் தொடங்க வேண்டியதாயிற்று. நவம்பரில் காசாவுக்காக மத்திய அலையில் இன்னொன்று. எந்தச் சேவையைத் தேவையில்லை என்று மூடினார்களோ, அதன் தேவை ஒரே ஆண்டில் இரண்டு முறை வந்தது. அமெரிக்காவும் இதே பாதையில் போனது. 2025 மார்ச் 14 அதிபர் உத்தரவுக்குப் பின் நிதி முடங்கி, ஏப்ரலில் அல்-ஹுர்ராவை நடத்திய நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை நீக்கித் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தியது. அல்-ஹுர்ராவை நான் மேலே விமர்சித்திருக்கிறேன், ஆனாலும் இராக்கின் ஊழலையும் ஆயுதக் குழுக்களையும் பற்றி அங்கே பேச முடிந்த மேடைகளில் அது ஒன்று. அந்த இடத்தை இராக்கியரின் சுதந்திரப் பத்திரிகை நிரப்பும் என்று நம்ப ஆதாரம் இல்லை. ஆயுதக் குழுக்களின் சேனல்கள் ஏற்கெனவே பக்கத்து அலைவரிசையில் இருக்கின்றன.

அடுத்த போட்டி எங்கே என்று கேட்டால் சிரியா, சூடான், லிபியா மூன்றையும் பார்க்கச் சொல்வேன். சிரியாவில் 2024 டிசம்பர் 8-ல் அசாத் ஆட்சி விழுந்ததோடு ஐம்பது ஆண்டுக்கும் மேலான அரசு ஊடக இயந்திரமும் விழுந்தது. அங்கே யார் எந்தச் சேனலில் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட, டிரான்ஸ்மிட்டருக்கு டீசல் யார் கொடுக்கிறார்கள், இளம் நிருபர்களை எந்த ஊருக்குப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறார்கள், உள்ளூர்ப் பத்திரிகைக்கு இலவசப் பிரதி எந்த நிறுவனத்திலிருந்து வருகிறது என்பதைக் கவனித்தால், இன்னும் ஐந்து ஆண்டில் அங்கே யார் குரல் கேட்கும் என்று இப்போதே ஓரளவு சொல்லிவிடலாம்.